லென்ஸை முதலில் பாருங்கள், கமராவை அப்புறம்! பழைய பிலிம் கமராக்களைப் பற்றி இவையெல்லாம் தெரியுமா?

நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஒருவர் நம் வெள்ளவத்தையில் குடியிருந்தார், தெரியுமா? சிலி நாட்டின் தூதரக அதிகாரியாக 1929இல் கொழும்புக்கு வந்த பாப்லோ நெருடா, வெள்ளவத்தையில் கடலோரத்துப் பங்களா ஒன்றில் வசித்தார். பரிசு கிடைத்தது 1971இல். அதற்கு நான்கு தசாப்தங்கள் முன்பு, பேச்சுத்துணை இல்லாத அந்த நாட்களில், வாராவாரம் சைக்கிளில் ஒருவர் சாக்கு நிறையப் புத்தகங்களோடு அவர் வாசலில் வந்து நிற்பார். நெருடாவே தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். புத்தகங்களை அனுப்பியவர் லயனல் வென்ட்.

யார் இந்த வென்ட்? 1900இல் கொழும்பில் பிறந்தவர், சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோக் கலைஞர். ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற 1934ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரொலிஃப்ளெக்ஸ், லைக்கா கமராக்களைக் கையிலெடுத்து இந்தத் தீவின் மீனவர்களையும் உழவர்களையும் ஒளியால் செதுக்கியவர்! 1938இல் லண்டன் கமரா கிளப்பில் அவர் படங்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு அவரை அழைத்தது யார் தெரியுமா? லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனமேதான்! கொழும்பு 7இல் நாடகம் பார்க்கப் போகிறோமே, லயனல் வென்ட் கலை மையம், அது அவர் பெயரில்தான் நிற்கிறது. 1944இல் அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிந்துபோயின. இருட்டறையில் அவர் தன் கையால் அச்சிட்டவைதான் நமக்கு மிச்சம்.

அந்த லைக்காவின் கதையைக் கேட்டால்தான், இன்று ஒரு பழைய கமரா வாங்கப் போகிறவர் எதை முதலில் பார்க்கவேண்டும் என்பது விளங்கும்.

1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா விற்பனைக்கு வந்தது. உள்ளே ஓடியது சினிமாப் பிலிம்! சினிமாவின் இரண்டு சட்டங்களைச் சேர்த்து 24க்கு 36 மில்லிமீற்றர் என்று லைக்காவை வடிவமைத்த ஒஸ்கார் பார்னாக் வகுத்த அந்த அளவைத்தான் இன்றைய விலையுயர்ந்த டிஜிட்டல் கமராக்களும் ‘ஃபுல் ஃபிரேம்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கின்றன. முதல் லைக்காவில் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல் கழற்றி மாட்டும் வசதி வந்தது. ஆனால் கேளுங்கள், ஒவ்வொரு லென்ஸையும் ஒவ்வொரு கமராவுக்கென்றே தனித்தனியாகச் சரிசெய்தார்கள்! கமராவின் தொடரிலக்கத்தின் கடைசி மூன்று இலக்கங்களை லென்ஸிலும் பொறித்துக் கொடுத்தார்கள். உங்கள் லென்ஸ் உங்கள் கமராவுக்கு மட்டும்தான், நண்பரின் கமராவில் கூர்மை தவறிவிடும். 1931இல் அந்தத் தூரத்தை எல்லாக் கமராக்களுக்கும் ஒன்றாக்கினார்கள். எந்த லைக்காவிலும் எந்த லைக்கா லென்ஸையும் மாட்டலாம் என்ற காலம் அன்றைக்குத்தான் பிறந்தது.

எந்தத் தூரம்? லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்திலிருந்து பிலிம் வரையுள்ள தூரம். இதைத் தெரிந்துகொண்டவர் பழைய கமரா உலகத்தின் பாதிச் சாவியைப் பிடித்துவிட்டார்!

லைக்காவின் பழைய திருகு மவுண்டில், போத்தல் மூடி மாதிரி சுற்றி மாட்டுவோமே, அதில் இந்தத் தூரம் 28.8 மில்லிமீற்றர். 1954இல் எம்3 வந்தபோது திருகலுக்குப் பதில், வைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் புதிய மவுண்ட் போட்டார்கள். அதன் தூரம் 27.8. வித்தியாசம் எவ்வளவு? சரியாக ஒரு மில்லிமீற்றர்! பழைய லென்ஸ்களை வைத்திருப்பவர்கள் கைவிடப்படக்கூடாது என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பான வளையம் ஒன்றை இடையில் வைத்தால் வென்ட் காலத்து லென்ஸ் இன்றைய டிஜிட்டல் லைக்காவிலும் அச்சொட்டாகக் குவியும். இதைவிட நாகரிகமான பொறியியல் எனக்குத் தெரியாது.

இப்போது விதி எளிது. நீளமான தூரத்துக்கென்று செய்த லென்ஸைக் குறுகிய தூரமுள்ள கமராவில் மாட்டலாம், இடைவெளியை ஒரு அடப்டர் நிரப்பிவிடும். மறுபக்கமாக முடியாது, மாட்டினாலும் தொலைவிலுள்ள பொருள்கள் குவியாது. நிக்கோன் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, பென்டாக்ஸ் 45.46, மினோல்டா 43.5, கெனன் எஃப்டி 42. இந்த இலக்கங்களைத் தொலைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடியில்லாத இன்றைய ‘மிரர்லெஸ்’ டிஜிட்டல் கமராக்களைப் பாருங்கள்: சோனி 18, கெனன் ஆர்எஃப் 20, நிக்கோன் இசட் 16! இத்தனை குறுகிய தூரம் வந்ததால் மேலே சொன்ன எல்லாப் பழைய லென்ஸ்களும் ஒரேயடியாக உயிர்பெற்று எழுந்துவிட்டன. பிலிமில் ஒரு றோல், டிஜிட்டலில் ஒரு மாலை என்று ஒரே லென்ஸை இரண்டிலும் பாவிக்கலாம். கமரா பழுதாகும், திருத்த ஆளில்லாமல் போகும், இன்னொன்று வாங்குவீர்கள். நல்ல கண்ணாடி தலைமுறை தாண்டும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் லென்ஸ் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதற்கேற்ற கமராவைத் தேடுங்கள்.

கெனன் நிறுவனம் விற்ற முதல் கமராவில் இருந்தது யாருடைய லென்ஸ் தெரியுமா? நிக்கோனுடையது! ஆம், 1936இல் வந்த ஹன்சா கெனனில் நிக்கோர் 50 மில்லிமீற்றர் லென்ஸ். அப்போது கெனனுக்கு லென்ஸ் செய்யும் வசதி இருக்கவில்லை. இன்று இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து வாதாடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அதே நிக்கோர் உலகப்புகழ் பெற்றது நிக்கோன் கமராவால் அல்ல, லைக்காவால்! 1950இல் தோக்கியோவில் ஜுன் மிக்கி என்ற இளம் புகைப்படக்காரர் 85 மில்லிமீற்றர் நிக்கோரால் ‘லைஃப்’ சஞ்சிகையின் டேவிட் டக்ளஸ் டங்கனைப் படமெடுத்தார். அச்சைப் பார்த்த டங்கன் அசந்துபோனார். நேரே தொழிற்சாலைக்குப் போனார், நிக்கோர் லென்ஸ்களை வாங்கித் தன் லைக்காவில் மாட்டினார், கொரியப் போருக்குப் புறப்பட்டார். மவுண்ட் பொருந்தியதால் ஒரு நாட்டின் ஒளியியல் தொழிலே தலைநிமிர்ந்தது!

உக்ரேனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கான கம்யூன் ஒன்றிலிருந்து லைக்காவின் பிரதிகள் வெளிவந்தது ஹன்சா கெனனுக்கும் முன்பே. 1934இல் தொடங்கிய அந்தக் கமராவின் பெயர் ஃபெட். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. எடுத்துப் பழகலாம், ஆனால் முதல் கமராவாக நான் சிபாரிசு செய்யமாட்டேன், தரம் ஒன்றுக்கொன்று மாறும்.

நிக்கோனுக்கு வருவோம். 1959இல் போட்ட எஃப் மவுண்டை அந்த நிறுவனம் 2020இல் வெளிவந்த டி6 வரை கைவிடவே இல்லை. அறுபது வருடம்! ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, காசைக் கொடுக்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். 1977இல் ‘ஏஐ’ என்ற மாற்றம் வந்தது. லென்ஸ் வளையத்தின் விளிம்பு கமராவிலுள்ள சிறு நெம்பைத் தள்ளி, ஒளி புகும் துவாரம் எவ்வளவு என்று ஒளியளக்கும் மீற்றருக்குச் சொல்லும். அதற்கு முந்திய லென்ஸை வலுக்கட்டாயமாக மாட்டினால் அந்த நெம்பு உடையலாம். எஃப்எம், எஃப்ஈ ஆகிய இரண்டிலும் நெம்பை மடித்துவிட முடியும், ஆகவே பழையதும் புதியதும் மாட்டலாம். பிறகு வந்த எஃப்எம்2இல் மடிக்க முடியாது! பெயரில் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். தாத்தா விட்டுப்போன 1960களின் நிக்கோர் வீட்டில் இருந்தால், எஃப்எம்2ஐ விட எஃப்எம்தான் உங்களுக்கு உகந்தது.

எஃப்எம்2 சாதாரண ஆளும் அல்ல. 1982இல் அது வந்தபோது அதன் ஷட்டர் ஒரு செக்கனின் 4000இல் ஒரு பங்கு வேகத்தில் திறந்து மூடியது, அதுவும் பற்றரியின் உதவியில்லாமல்! 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்த பச்சைக்கண் ஆப்கான் சிறுமியின் படம் ஞாபகம் இருக்கிறதா? எஃப்எம்2, 105 மில்லிமீற்றர் எஃப் 2.5 நிக்கோர், கொடக்குரோம் பிலிம். அந்த 105 இன்றும் பாவித்த சாமான்களுக்குள் கிடைக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள்.

பென்டாக்ஸ் கே1000 உலகெங்கும் மாணவர்களின் கமரா. 1976 முதல் 1997 வரை செய்தார்கள், 30 இலட்சத்துக்கு மேல் விற்றது. பற்றரி மீற்றருக்கு மட்டும்தான், அது செத்தாலும் கமரா ஓடும். மீற்றரை நிறுத்த ஆளியே கிடையாது என்பது தெரியுமா? லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்கினால் மீற்றர் தானாக அடங்கும். மூடியைத் தொலைத்தவர் பற்றரியையும் தொலைப்பார்! இன்னொரு இனிப்பான செய்தி: பழைய 42 மில்லிமீற்றர் திருகு மவுண்டின் தூரமும் கே1000இன் கே மவுண்டின் தூரமும் ஒன்றே. ஆகவே ஜேர்மன், சோவியத், ஜப்பானியத் திருகு லென்ஸ்கள் எல்லாம் ஒரு மெல்லிய வளையத்தோடு கே1000இல் ஏறிவிடும். பின்னணியைச் சுழல்காற்றாக்கும் சோவியத் ஹெலியோஸ் 44 அவற்றுள் ஒன்று. அது ஜேர்மனியின் பயோட்டார் லென்ஸின் வழித்தோன்றல்.

சில பழைய லென்ஸ்கள் கதிரியக்கம் கொண்டவை என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்! பென்டாக்ஸின் சுப்பர் டக்குமார் 50 மில்லிமீற்றர் எஃப் 1.4இன் ஒரு வகையில், ஒளியை நன்றாக வளைப்பதற்காகக் கண்ணாடியில் தோரியம் கலந்தார்கள். தோரியத்தின் அரைவாழ்வு 1,400 கோடி வருடம், பிரபஞ்சத்தின் வயதை விடக் கூட! வழக்கம்போல் பாவிப்பதால் வரும் கதிர்வீச்சு மிகச் சிறியது. ஆனால் வருடங்கள் போகப் போக அந்தக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகும். வைத்தியம் என்ன தெரியுமா? யன்னலோரத்தில் நாட்கணக்கில் வெயில் காட்டுவது. புற ஊதாக் கதிர் மஞ்சளை வெளுத்துவிடும். (வைக்கும்போது திரைச்சேலைக்கும் கடதாசிக்கும் தூரமாக வையுங்கள், லென்ஸ் நெருப்பு மூட்டும்.)

கெனன் ஏஈ-1 வந்ததும் 1976இல்தான். கணினிச் சில்லு பொருத்திய முதல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடி பிரதிபலித்துக் காட்டும் கமரா) அது. அழகானது, பற்றரி போனால் கல்லு. அதன் எஃப்டி லென்ஸ்கள் 1987இல் கெனன் மவுண்டை மாற்றியபோது அநாதையாகின: புதிய மவுண்டின் தூரம் 44, பழையது 42, இரண்டு மில்லிமீற்றரில் ஒரு தலைமுறையே கைவிடப்பட்டது. அதனாலேயே நல்ல எஃப்டி லென்ஸ்கள் பல வருடம் மலிவாகக் கிடந்தன. ஒலிம்பஸ் ஓஎம்-1 1972இல் எம்-1 என்ற பெயரில் பிறந்தது, லைட்ஸ் ஆட்சேபித்ததால் பெயர் மாறியது. கைக்கு அடக்கமான கமரா, சின்னக் கைகளுக்கு இதைத்தான் சொல்வேன். அதற்கான பாதரசப் பற்றரி இப்போது இல்லை. பதிலுக்கு என்ன போடுகிறார்கள் தெரியுமா? காது கேட்கும் கருவிக்கான பற்றரி! இரண்டின் மின்னழுத்தமும் ஏறக்குறைய சமம்.

இப்போது நம் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. 1977இன் இறுதியில் கதவு திறந்தது. கே1000உம் ஏஈ-1உம் 1976, எஃப்எம் 1977! உலகத்தின் தலைசிறந்த மலிவுக் கமராக்கள் கடைக்கு வந்த அதே நேரம் நம் துறைமுகமும் திறந்திருக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் மாமாமாரின் அலுமாரிக்குள் அந்தக் காலத்துக் கமராக்களே அதிகம் அகப்படுவது தற்செயலல்ல என்பது என் எண்ணம்.

ஆனால் அலுமாரிக்குள் ஓர் எதிரியும் உண்டு. பூஞ்சணம்! ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் முளைக்கும். கொழும்பில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேதான். வெள்ளை நரம்புகளாகப் படர்ந்து, அமிலம் சுரந்து, கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட வாங்கும் குறிப்புகள் ஷட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும். கொழும்பில் முதல் கேள்வி இதுதான். துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தால் ரோச் லைற் அடித்து, முன்பக்கத்தால் சரித்துப் பாருங்கள். சிலந்தி வலை தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். கமராவோடு வரும் தோலுறை அழகுதான், ஆனால் ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணத்தை வளர்ப்பதும் அதுவே. உறையைக் காட்சிக்கு வைத்துவிட்டு, லென்ஸைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கடற்கரை வீதியோர வீட்டுக்காரர் உப்புக்காற்றுக்கும் பயப்படவேண்டும், திருகாணிகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் வெயில் ஷட்டரைச் சுட்டுவிடும் என்பது தெரியுமா? லைக்கா வகைக் கமராக்களில் லென்ஸுக்கும் துணி ஷட்டருக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி கிடையாது. மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைத்தால் துணியில் ஊசித் துளை விழும். எஸ்எல்ஆரில் இந்தப் பயம் குறைவு.

அதே வெயில் ஒரு வரமும் தருகிறது. மீற்றர் செத்த கமராவா? கவலையே வேண்டாம்! நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16இல் வையுங்கள், ஷட்டரைப் பிலிமின் ஐஎஸ்ஓ இலக்கத்துக்கு அருகே வையுங்கள். 100 பிலிமுக்கு ஒரு செக்கனின் 125இல் ஒன்று, 400 பிலிமுக்கு 500இல் ஒன்று. காலிமுகத்திடலில் நண்பகலில் இது பிழைக்கவே பிழைக்காது. இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும்: 400 பிலிமோடு அந்த வெயிலில் எஃப்எம்2இன் உச்ச வேகத்துக்குப் போனாலும் எஃப் 5.6க்குக் கீழே திறக்க முடியாது. எஃப் 1.2 லென்ஸுக்குப் பெருங்காசு கொடுத்துப் பகலில் பாவிக்க இடமே இல்லை! பெரிய துவாரம் வேண்டுவது உள்ளே: பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய கொட்டாஞ்சேனைச் சிவன் கோயில் மண்டபத்தில், சாந்த லூசியாள் பேராலயத்தின் பக்கவாட்டு நிழலில். கோயிலில் அனுமதி கேட்டுத்தான் எடுக்கவேண்டும், கிடைத்தால் எஃப் 1.8 போதும்.

சாதாரண 50 மில்லிமீற்றர் லென்ஸைக் குறைவாக நினைக்காதீர்கள். அதன் மூதாதை யார் தெரியுமா? கணித மேதை காவுஸ்! 1817இல் அவர் தொலைநோக்கிக்காக வகுத்த கண்ணாடிச் சோடியை 1888இல் அல்வன் கிளார்க் இரட்டிப்பாக்கினார், 1896இல் பவுல் ருடொல்ஃப் அதைச் செம்மையாக்கிப் ப்ளானர் என்று பெயரிட்டார். உங்கள் 50இன் வயிற்றுக்குள் இருப்பது அதுவே. பழசாகி நிறம் மங்கிய லென்ஸ்கள் புதியவற்றை விடக் கூடுதல் ஒளியை உள்ளே விடுகின்றன என்று 1890களில் டெனிஸ் டெய்லர் கண்டுபிடித்ததும் அதிசயமே! அந்த மங்கலிலிருந்துதான் பின்னாளைய பூச்சு பிறந்தது.

கூர்மை மட்டுமே எல்லாமா? இல்லை என்று வாழ்ந்து காட்டியவர் நம் மண்ணில்தான் உறங்குகிறார். 48 வயதில் முதல் கமராவைப் பரிசாகப் பெற்ற ஜூலியா மார்கரட் கமரன், வேண்டுமென்றே மென்மையாகக் குவித்து எடுத்த முகங்களால் உலகப்புகழ் பெற்றார். 1866இல் அவர் வாங்கிய டால்மெயர் லென்ஸின் குவியத்தூரம் 30 அங்குலம்! 1875இல் இலங்கைக்கு வந்தார், களுத்துறையில் படமெடுத்தார், 1879இல் இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். புகைப்படம் கலையென்று அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்கள் இன்னும் தயங்கிக்கொண்டிருந்த 1924இல், புகைப்படக் கலைஞர் அல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்களைப் பொஸ்டன் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்தவரும் நம்மவரே. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி!

இந்தக் கமராக்கள் எடுத்த படங்களுக்கு இன்னொரு பெறுமதியும் இருக்கிறது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது அல்பங்களும் எரிந்தன. பல குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியின் முகம் இன்று இருப்பது வேறெங்கோ உறவினர் வீட்டில் தப்பிய ஓர் அச்சிலோ, சிறு டப்பாவில் கிடந்த நெகட்டிவ் துண்டிலோதான். டிஜிட்டல் கோப்புக்கு இல்லாத ஒரு குணம் நெகட்டிவுக்கு உண்டு: வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும், முகம் தெரியும்.

முதல்முறை வாங்குகிறவருக்கு என் தீர்ப்பு இது. பூஞ்சணம் இல்லாத 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 அல்லது எஃப் 2, அது எந்தக் குடும்பமோ அதே குடும்பத்தில் பற்றரியில்லாமல் ஓடும் கமரா: கே1000, எஃப்எம், ஓஎம்-1, மூன்றில் எது துப்புரவாகக் கிடைக்கிறதோ அது. பின்கதவைத் திறந்து, ஒரு செக்கன் வேகத்தில் ஷட்டரை விட்டுக் காது கொடுங்கள், இடையில் திக்கினால் பழுதுபார்ப்புச் செலவையும் கணக்கில் சேருங்கள். கதவோரக் கறுப்பு ஸ்பொஞ் பிசினாகியிருந்தால் ஒளி கசியும், அதை மாற்றுவது இலகு. இரண்டாவது லென்ஸைப் பத்து றோல் முடிந்தபிறகு யோசிக்கலாம்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். பெரியப்பா, மாமா, சித்தி, யாருடைய வீட்டிலாவது பழைய கமரா இருக்கிறதா என்று இந்தக் கிழமையே கேளுங்கள். இருந்தால் உறையிலிருந்து வெளியே எடுத்து, பிலிம் உள்ளே இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, லென்ஸுக்கு ரோச் அடித்துப் பாருங்கள். மாரி தொடங்குமுன் பார்த்துவிடுங்கள், அடுத்த மழைக்காலத்தைப் பூஞ்சணத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.